மிக்கி வேடத்துக்குள் இருப்பது யார்?

அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தின் அனாஹைம் நகரில் 1955 ஜூலை 17ஆம் தேதி டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அன்று முதல் மிக்கி எலியும் ப்ளூட்டோ நாயும் அங்கே குழந்தைகளோடு கை குலுக்கி வருகின்றன. நான்கு வயதுக் குழந்தை ஓடிச் சென்று கட்டிக்கொள்கிறது. ஒன்றரை வயதுக் குழந்தையோ வீறிட்டு அலறுகிறது. பாவம், அது அறிந்த எலி உள்ளங்கையில் அடங்கும். எதிரே நிற்பதோ அம்மாவின் உயரம்! படம் எடுத்தே தீரவேண்டும் என்று பெற்றோர் அதன் முதுகைத் தள்ளுகிறார்கள். சும்மாவா? டிக்கெட் வாங்கிய காசாயிற்றே!

குழந்தைகள் மீது நமக்கு என்ன கோபம்? ஆசையாகக் கட்டிக்கொள்ளும் குழந்தை மாசற்றது. அது கட்டிக்கொள்வது எலியை அல்ல, கனத்த உடுப்புக்குள் வியர்த்துக் கொட்ட நிற்கும் ஒரு தொழிலாளியை என்பதுதான் விஷயம்.

ஆனால் கம்பெனியின் அகராதியில் ‘தொழிலாளி’ என்ற சொல்லே கிடையாது. குப்பை கூட்டுபவர் உட்பட எல்லோரும் ‘நடிகர் குழுவினர்’தான்! வேடம் போடுபவர் ‘நான்தான் மிக்கி’ என்று வெளியே சொல்லிக்கொள்ளக் கூடாது. ‘மிக்கியின் நண்பர்’ என்றே சொல்ல வேண்டும். முழு முகமூடிக்குள் வாய் திறக்கவும் கூடாது. வாய் திறக்காத தொழிலாளி! முதலாளிக்கு இதைவிட இனிய கனவு உண்டா?

உடுப்புக்குள் நடந்த சங்கதி இன்னும் கேவலம். ப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டில் வேடத்துக்கு அடியில் அணியும் உள்ளாடைகளைக்கூடத் தினமும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. சலவையாகி வந்ததை மறுநாள் இன்னொருவர் அணிந்தார். பேனும் சொறியும் தொற்றுவதாகத் தொழிலாளர்கள் புகார் செய்தார்கள். ஆளுக்கென்று தனி உள்ளாடை வேண்டும், வீட்டுக்கு எடுத்துச் சென்று தாமே துவைத்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கையை டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் மூலம் பேரம் பேசி வென்றது 2001ல்! கோடி கோடியாகக் குவிக்கும் கம்பெனியிடம் உள்ளாடைக்கு ஒப்பந்தம்!

2004 பிப்ரவரியில் அதே இடத்தில் ப்ளூட்டோ வேடமிட்ட தொழிலாளி ஊர்வல வண்டியில் சிக்கி மாண்டார். சர்க்கார் விதித்த அபராதம் 6,300 டாலர்.

“குழந்தையின் சிரிப்பே அவர்களுக்குக் கூலி அல்லவா?” என்று உருகுகிறார்கள் சில கனவான்கள். அப்படியா? வாசலில் கம்பெனி சிரிப்பை வாங்கிக்கொண்டா உள்ளே விடுகிறது? மூன்று வயதானால் டிக்கெட்! 2024 அக்டோபரில் அனாஹைமில் பெரியவர்களுக்கான ஒரு நாள் டிக்கெட்டின் உச்ச விலை 206 டாலர். சிரிப்பைக் கொண்டு வீட்டு வாடகை கட்ட முடியாது. 2018ல் தொழிற்சங்கங்களின் ஆதரவோடு நடந்த ஓர் ஆய்வில், டிஸ்னிலாந்துத் தொழிலாளர்கள் சுமார் 5,000 பேரிடம் விசாரித்தார்கள். முந்தைய இரண்டு ஆண்டுகளில் தங்க வீடின்றித் தவித்ததாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் மேல்! கம்பெனி இந்த ஆய்வை ஏற்கவில்லை, ஏற்குமா? 2023ல் அதன் தலைமை நிர்வாகி பாப் ஐகர் பெற்ற ஊதியம் 3 கோடியே 16 லட்சம் டாலர்.

சங்கம் என்றால் இந்தக் கம்பெனிக்கு ஆதி முதலே வேப்பங்காய். 1941ல் சித்திரக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1947ல் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் கமிட்டியின் முன் நின்ற வால்ட் டிஸ்னி, அது கம்யூனிஸ்டுகளின் வேலை என்று சாட்சி சொன்னார். கூலி போதவில்லை என்று தொழிலாளிக்குத் தானாகத் தெரியாதாம், மாஸ்கோவிலிருந்து வந்து சொல்ல வேண்டுமாம்!

அனாஹைமில் மற்றத் தொழிலாளர் பலருக்கு வெகுகாலமாகவே சங்கம் இருந்தது. வேடமிட்டவர்களுக்கும் ஊர்வலத்தில் ஆடுபவர்களுக்கும் இல்லை. திறந்து கிட்டத்தட்ட 69 ஆண்டுகள் கழித்து, 2024 மே மாதம் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். சங்கம் வேண்டும் என்றவர்கள் 953 பேர். வேண்டாம் என்றவர்கள் 258 பேர். அவர்கள் தேர்ந்தெடுத்தது நாடக மேடை நடிகர்களின் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியை. ‘நடிகர்’ என்று கம்பெனி சூட்டிய பட்டத்தை நிஜமென்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் போலும்!