இரண்டு கடிகாரங்கள்

"பக்கத்து வீட்டுப் பையனைப் பார்!" என்று நாம் எல்லோருமே ஒரு தடவையாவது சொல்லியிருப்போம், இல்லையா சகோதரிகளே? அடுத்த தடவை சொல்லுமுன் ஒரு விளையாட்டின் கதையைக் கேளுங்கள்.

1992-ல் ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியார் 'சூப்பர் மாரியோ கார்ட்' என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டார்கள். மீசைக்கார மாரியோவும் அவன் கூட்டத்தாரும் சின்னஞ்சிறு வண்டிகளில் பந்தயம் விடுவார்கள். ஜப்பானியப் பதிப்பில் இளவரசி ஜெயித்தால் ஷாம்பெயினைக் குடித்து முகம் சிவப்பாள்! குழந்தைகள் பார்க்கிற காட்சியா இது? வெளிநாட்டுப் பதிப்புகளில் குடிப்பதை நீக்கிவிட்டார்கள். நல்ல காரியந்தான்.

ஆனால் கண்ணில் படாத வித்தியாசம் ஒன்றும் இருந்தது. அந்நாளைய டெலிவிஷன், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விநாடிக்குச் சுமார் 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஐரோப்பாவில் 50 முறைதான். விளையாட்டின் ஓட்டமோ அந்தத் துடிப்பை ஒட்டியது. 60-க்கென்று அமைத்ததை அப்படியே 50-ல் ஓடவிட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும். அதனால் இந்தப் பந்தயத்தில் தேர்ந்தவர்கள், இரு பதிப்புகளின் சாதனை நேரங்களையும் தனித்தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறார்கள்.

லண்டன் பையனும் ஒஸாகா பையனும் விட்டது ஒரே பந்தயம், கடிகாரம்தான் வேறு. விளையாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த இந்த நியாயம் பெற்றவர்களாகிய நமக்குத் தெரிய வேண்டாமா? நம் குழந்தையின் மார்க்கை அடுத்த வீட்டு மார்க்கோடு வைத்துப் பார்க்குமுன், அதன் துடிப்பு ஐம்பதா அறுபதா என்று சற்றே கவனிப்போமே!