நம் வீட்டுத் திரையில் நம் கதை எங்கே?



வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறீர்கள். கூடத்தில் தொலைக்காட்சி ஓடுகிறது. மாமியார் மருமகளுக்கு எதிராகச் சதி செய்கிறார். அறையில் பிள்ளை கைப்பேசியில் படம் பார்க்கிறான். அதுவும் சென்னைக் கதைதான். நேற்று உங்கள் வீட்டில் ஓடியவற்றை எண்ணிப் பாருங்கள். இந்த நாட்டுத் தமிழனைப் பற்றியவை எத்தனை?

சென்னைத் தொடர் பார்ப்பது குற்றமல்ல. நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்று களைத்தவருக்கு ஒரு மணி நேரச் சிரிப்பும் அழுகையும் வேண்டும். 1996-இல் ஆஸ்ட்ரோ வருமுன், ஆர்டிஎம் எப்போது தமிழ்ப் படம் போடும் என்று காத்துக் கிடந்தவர்கள் நாம். பசித்தவன் இலையில் விழுந்ததை எல்லாம் சாப்பிட்டான். அதில் வியப்பில்லை.

ஆனால் விளைவைப் பாருங்கள். நம் பிள்ளைக்குத் தி. நகர் தெரியும். தாத்தா பால்மரம் வெட்டிய தோட்டம் எங்கே இருந்தது என்று தெரியாது. அந்தத் தோட்டம் வீடமைப்புப் பகுதியானபோது குடும்பம் ஏன் வெறுங்கையோடு வெளியேறியது? பக்கத்து வீட்டு அண்ணன் ஏன் குண்டர் கும்பலில் சேர்ந்தான்? தெரியாது. தான் இழந்தது என்னவென்றே தெரியாதவன் எந்த உரிமையைக் கேட்பான்?

இந்தக் கேள்விகளைத் திரையில் கேட்ட படம் ஒன்று உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வெளிவந்த 'ஜகாட்'. தோட்டத்தை விட்டு வந்த ஒரு குடும்பம், புறம்போக்கு வீடு, குறும்புக்காரச் சிறுவன் ஒருவன். நம் பேச்சு, நம் அடி, நம் வலி. 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் அதைத் 'தேசிய மொழி அல்லாத படம்' என்று தனிப் பிரிவில் ஒதுக்கினார்கள். மலாய்க்காரரான ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். எதிர்ப்பு வலுத்தது, விதி மாறியது. சிறந்த மலேசியப் படம் என்ற விருதை 'ஜகாட்' வென்றது.

அவர் நமக்காக விருதைத் துறந்தார். நாம் எத்தனை பேர் டிக்கெட் வாங்கினோம்?

அதே 2016-இல் 'கபாலி' வந்தது. அதுவும் மலேசியத் தோட்டத் தமிழனின் கதைதான். ரஜினி நடித்ததால் குடும்பத்தோடு போய்ப் பார்த்தோம். நம் கதையைச் சென்னை சொன்னால் கைதட்டுவோம், நம் பிள்ளை சொன்னால் கண்டுகொள்ள மாட்டோமா?

வானவில்லிலும் விண்மீனிலும் உள்ளூர்ப் படைப்புகள் வராமல் இல்லை. அவை போதாது. ஆனால் ஆளில்லாக் கடையில் யார் சரக்குப் போடுவார்? வாரம் ஒரு நாளாவது அவற்றைக் குடும்பத்தோடு பாருங்கள். நன்றாக இருந்தால் பாராட்டுங்கள், மோசமாக இருந்தால் திட்டுங்கள். இரண்டையும் நிலையத்துக்கு எழுதுங்கள். ஆர்டிஎம் நம் வரிப்பணத்திலும் நடப்பது. தோட்டப்புற வரலாற்றைக் காட்டு என்று கேட்பது பிச்சையல்ல, உரிமை!

அதுவரை ஒன்று செய்யலாம். இன்றிரவு தொலைக்காட்சியை அரை மணி நேரம் அடைத்துவிட்டு, பாட்டியின் பக்கத்தில் பிள்ளையை உட்கார வையுங்கள். தோட்டத்துக் கதையைக் கேட்கட்டும், கைப்பேசியில் பதிவும் செய்யட்டும். பாட்டி போன பிறகு அந்தக் கதையை எந்த அலைவரிசையும் மறு ஒளிபரப்பு செய்யாது.

சிந்திப்போம், செயல்படுவோம்!