சினானிம் பட்டியலில் நம் பெயர்

"நம்ம பிள்ளைகளுக்கு எளிய ஆங்கிலம் போதும், கடினமான சொல்லெல்லாம் எதற்கு?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. சட்டமும் தீர்ப்பும் பல்கலைக்கழகப் பாடநூலும் எளிய ஆங்கிலத்தில் வருவதில்லை. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் பேச்சோடு பேச்சாகக் கிடைத்துவிடும். முதல் தலைமுறையாகப் படிக்கிறவர்கள் வேரைப் பிடித்துத்தான் போக வேண்டும்.

'பிரஸ்' என்றால் அழுத்துவது என்று எல்லோருக்கும் தெரியும். கீழ்நோக்கி அழுத்தினால் டிப்ரஸ், அடியில் போட்டு அமுக்கினால் சப்ரஸ், எதிரே நின்று அழுத்தினால் ஒப்ரஸ். வெள்ளையர் காலத்து ஆவணங்களில் நம் மக்களைக் குறிக்கும் 'டிப்ரஸ்ட் கிளாசஸ்' இப்போது விளங்கும். மனச்சோர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அழுத்தப்பட்டவர்கள் என்பதுதான் பொருள்.

ஆனால் தோழர்களே, போட்டித் தேர்வுப் புத்தகத்தின் சினானிம் பட்டியலை அப்படியே நம்பாதீர்கள். அபாலிஷ், எராடிகேட், அனிஹிலேட் மூன்றுக்கும் 'ஒழித்தல்' என்று ஒரே பொருள் போட்டிருப்பார்கள். எராடிகேட்டுக்குள் 'ரேடிக்ஸ்' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. அதற்கு வேர் என்று பொருள். நம்மை 'ரேடிகல்' என்று திட்டுகிறார்களே, அதுவும் அங்கிருந்து வந்ததுதான். அனிஹிலேட்டுக்குள் இருப்பது 'நிஹில்', அதாவது ஒன்றுமில்லை. 1936இல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, மாநாடே ரத்தானதால் மேடை ஏறாத தன் உரைக்கு அம்பேத்கர் தேர்ந்துகொண்ட சொல் அதுதான். சாதிக்கு அந்தச் சொல். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவில் இருப்பதோ அபாலிஷ். அங்கே ஒழிக்கப்படுவது தீண்டாமை, சாதி அல்ல. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள்.

எங்கள் மாலை வகுப்பில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி 'அவுட்காஸ்ட் – பரையா' என்றிருந்த வரியைக் காட்டி, "அக்கா, இது நம்ம பேருதானே?" என்று கேட்டாள். ஆமாம். பறை என்ற கருவியால் அமைந்த பெயர், ஐரோப்பியர் வாய்க்குள் போய், விலக்கப்பட்டவன் என்ற பொருளோடு திரும்பி வந்திருக்கிறது. ஏதாவது ஒரு நாட்டை உலகம் ஒதுக்கினால் ஆங்கிலப் பத்திரிகைகள் இன்றும் 'பரையா ஸ்டேட்' என்று கூசாமல் எழுதுகின்றன. (அவுட்காஸ்டில் உள்ள 'காஸ்ட்' சாதியல்ல, எறிவது. சாதியைக் குறிக்கும் காஸ்ட் போர்த்துக்கீசிய 'காஸ்டா'விலிருந்து வந்தது. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

தேர்வில் அந்த விடையைத்தான் அவள் எழுத வேண்டும், மதிப்பெண் அதற்குத்தான். சொந்தமாக எழுதும்போது அது வேண்டாம். ஊர்விலக்கம் பற்றி மனு எழுதினால் 'ஆஸ்ட்ரசைஸ்' இருக்கிறது. பண்டைய ஏதென்ஸில் பானை ஓட்டில் பெயரைக் கீறி வாக்களித்து ஒருவரை நாடு கடத்துவார்கள். அந்த ஓட்டின் பெயரில் பிறந்த சொல் இது. அங்கே பத்து ஆண்டு கழித்து அவர் திரும்பி வரலாம், சொத்தும் பறிபோகாது. நம் ஊர்களில் விலக்கி வைப்பதற்கு அப்படி ஒரு கெடு இருந்ததாக நான் கேட்டதில்லை. அதையும் மனுவில் ஒரு வரி எழுதுங்கள்.