பாங்கிக்கு நெஞ்சு உண்டோ?



பழந்தமிழ் அகப்பாட்டில் பாங்கி என்றொருத்தி வருவாள். தலைவியின் தோழி அவள். தலைவி வாய் திறவாமலே அவள் நெஞ்சில் உள்ளதை அறிவாள். அவளுக்காகத் தலைவனிடம் வாதாடுவாள். செவிலி சினந்தால் இடையே நின்று தடுப்பாள். தனக்கென்று ஓர் ஆதாயமும் தேடாதவள். இந்நாளைய பாங்கியும் தன்னை அத்தகைய தோழி என்றே சொல்லிக் கொள்கிறது! ஆண்டறிக்கையின் வழவழப்பான தாளில் சமூகப் பொறுப்பு, சமூக மனச்சாட்சி என்ற சொற்கள் பளபளக்கின்றன. சுவரொட்டியிலே ஓர் உழவன் சிரிக்கிறான். அவன் எந்த ஊரான், அவனுக்குக் கடன் கிடைத்ததா, கிடைத்த கடனுக்கு அவன் மனைவியின் தாலிச் சங்கிலி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சுவரொட்டி சொல்வதில்லை.

விளம்பரக்காரன் விளம்பரம் செய்கிறான்; அதில் வியப்பென்ன? வியப்பும் வேதனையும் வேறிடத்தில் இருக்கின்றன. பாங்கிகள் முன்போல் இல்லை, மனம் மாறி வருகின்றன, நயந்து எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்ற பேச்சு நம்மவர் நடுவிலேயே எழுகிறது. மனுவைக் கையில் ஏந்தி, மேலாளர் அறை வாயிலில் கைகட்டி நிற்கும் பழக்கம் சில இடங்களில் படிந்து வருகிறது. அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பாங்கிக்கு மனச்சாட்சி இருந்ததும் இல்லை. இனி முளைக்கப் போவதும் இல்லை. மனச்சாட்சி என்று இன்று நமக்குக் காட்டப்படுவதெல்லாம், மக்கள் போராடிச் சட்டமாக்கிப் பூனையின் கழுத்திலே கட்டிய மணி. மணி இருக்கும் வரை ஓசை கேட்கும். அவிழ்த்துவிட்டால், அது பழைய பூனைதான்.

வரலாறு என்ன சொல்கிறது?

சென்னை மாநகரிலே அர்பத்நாட் கம்பெனி என்றொரு பெரும் வெள்ளைக்கார நிறுவனம் இருந்தது. அரசாங்கமே அசைந்தாலும் அர்பத்நாட் அசையாது என்று நம்பி, ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தரும் விதவைகளும் வாழ்நாள் சேமிப்பை அதன் கையில் ஒப்படைத்தனர். 1906 அக்டோபரில் அது கதவை மூடியது. சர் ஜார்ஜ் அர்பத்நாட் பதினெட்டு மாதக் கடுங்காவல் சென்றார். சேமித்தவர்கள் தெருவுக்குச் சென்றனர். அடுத்த ஆண்டே இந்தியன் பாங்கி தோன்றியதற்கு அந்தக் கண்ணீரே வித்து. 1960 ஆகஸ்டில் கேரளத்துப் பாலாய் சென்ட்ரல் பாங்கி விழுந்தது. அதன் பிறகே, 1962 சனவரி முதல் நாள் தொட்டு, வைப்புத் தொகைக்குக் காப்பீடு வந்தது. அன்றைக்குக் காப்பு ரூ. 1,500, 2020 இல் அது 5 லட்சம் ஆயிற்று. இதில் எந்தப் படியையாவது ஒரு பாங்கி முதலாளி தானே முன்வந்து கட்டித் தந்ததுண்டோ? ஒவ்வொரு படியின் அடியிலும் ஏமாந்தவர்களின் கூட்டம் ஒன்று நிற்கிறது.

கிராமத்துக்கு வருவோம். 1951-52 இல் நாடு முழுவதும் நடந்த கிராமக் கடன் ஆய்வு ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. உழவர் வாங்கிய கடனில் வணிகப் பாங்கிகளின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! லேவாதேவிக்காரனும் நிலக்கிழாரும் வியாபாரியுமே உழவனின் பாங்கி. விடுதலைக்குப் பிறகு இருபது ஆண்டுகள் ஓடியும், பாங்கிகள் கொடுத்த கடனில் வேளாண்மைக்குச் சென்றது நூற்றுக்கு இரண்டு அளவில்தான் கிடந்தது. பணம் ஊரெல்லாம் திரண்டது. போய்ச் சேர்ந்ததோ ஒரு சில ஆலை முதலாளிகளின் மடியில். அந்த முதலாளிகளே பாங்கியின் இயக்குநர் நாற்காலியிலும் அமர்ந்திருந்தனர். கொடுப்பவனும் அவனே, வாங்குபவனும் அவனே! வழக்குக்கு என்ன இடம்?

அப்போதுதான் மனச்சாட்சிக்கு ஒரு பரீட்சை வைக்கப்பட்டது. 1967 டிசம்பரில், அந்நாளைய நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் "சமூகக் கட்டுப்பாடு" என்ற திட்டத்தை அறிவித்தார். பாங்கிகளை நாட்டுடைமை ஆக்க வேண்டாமாம். இயக்குநர் குழுவில் வேளாண்மையும் சிறு தொழிலும் அறிந்தவர்களைச் சேர்த்தால் போதுமாம். தேசியக் கடன் குழு ஒன்று அமைத்து வழி காட்டினால் பாங்கிகள் தாமே திருந்திவிடுமாம்! உடைமை முதலாளிக்கே இருக்கட்டும், உள்ளம் மட்டும் மாறட்டும் என்பதே அதன் சாரம். புலியின் பல்லைப் பிடுங்காமல், அதற்குப் பத்தியம் எழுதிக் கொடுத்த வைத்தியம் அது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 1969 பிப்ரவரியில். ஆறு மாதம்கூட அந்த வைத்தியம் தாங்கவில்லை. அதே ஆண்டு சூலை 19 இல், 50 கோடிக்குக் குறையாத வைப்புத் தொகை கொண்ட பதினான்கு பாங்கிகள் அவசரச் சட்டத்தால் நாட்டுடைமை ஆயின. உச்ச நீதிமன்றம் 1970 பிப்ரவரி 10 இல் அதைத் தள்ளியது. நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. அந்த இழுபறியில் பாங்கி முதலாளிகளும் அவர்தம் அரசியல் நண்பர்களும் எழுப்பிய கூக்குரலைப் பழைய ஏடுகளில் படித்துப் பாருங்கள். மனச்சாட்சி உள்ளவர்கள் ஏன் அப்படி அலற வேண்டும்?

அதற்குப் பின் நடந்தது கவனித்துப் படிக்க வேண்டிய பாடம். 1969 நடுவில் நாடு முழுவதும் இருந்த பாங்கிக் கிளைகள் ஏறத்தாழ 8,300. கிராமங்களில் இருந்தவை 1,900 கூட இல்லை. 1977 இல் ரிசர்வ் பாங்கி ஒரு விதி போட்டது. ஏற்கெனவே பாங்கி உள்ள ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால், பாங்கியே இல்லாத ஊர்களில் நான்கு கிளைகள் திறந்தாக வேண்டும்! 1991 இல் மொத்தக் கிளைகள் அறுபதாயிரம் ஆயின. அவற்றில் முப்பத்தையாயிரம் கிராமங்களில். இப்பெருக்கம் கிராம வறுமையைக் குறைத்தது என்று ராபின் பர்ஜெஸ், ரோகிணி பாண்டே என்ற இரு பொருளியலாளர் 2005 இல் ஆய்ந்து எழுதினர். அவர்கள் நம் மேடையில் ஏறிப் பேசுகிறவர்கள் அல்லர். ஆகவே நம் எதிரிகளும் தயங்காமல் படிக்கலாம்.

1990 இல் அந்த விதி கைவிடப்பட்டது. விதி போனது, பாங்கியின் கிராமப் பாசமும் கூடவே போனது! 2006 வாக்கில் கிராமக் கிளைகளின் எண்ணிக்கை நாலாயிரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஊர்கள் சில நகரமாக வளர்ந்து கணக்கு மாறியதும் அதில் அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் நாடும் மக்களும் வளர்ந்த பதினைந்து ஆண்டுகளில் கிராமக் கிளை மட்டும் ஏன் வளரவில்லை? அதே பாங்கி, அதே பலகை, அதே நாற்காலி. கட்டாயம் இருந்த நாளில் மனச்சாட்சி இருந்தது. கட்டாயம் நீங்கிய நாளில் மனச்சாட்சியும் விடுப்பில் சென்றது. இதைவிடத் தெளிவான சாட்சியம் எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது.

இன்றும் ஒரு கட்டாயம் மிச்சமிருக்கிறது. பாங்கி கொடுக்கும் கடனில் நூற்றுக்கு நாற்பது முன்னுரிமைத் துறைகளுக்கு, அதிலே பதினெட்டு வேளாண்மைக்குச் செல்ல வேண்டும் என்பது விதி. 1991 இல் வந்த நரசிம்மம் குழு இந்த நாற்பதைப் பத்தாகக் குறைக்கச் சொன்னது. எதிர்ப்பு இருந்ததால் அது நடக்கவில்லை. முன் வாசல் அடைபட்டால் பின் வாசல் இல்லையா? 2016 ஏப்ரலில் ஒரு விந்தையான சந்தை திறக்கப்பட்டது. முன்னுரிமைக் கடன் சான்றிதழ் என்பது அதில் விற்கும் சரக்கு. அளவுக்கு மேல் உழவருக்குக் கடன் கொடுத்த பாங்கி, அந்த மிகுதியைச் சான்றிதழாக்கி விற்கலாம். கொடுக்காத பாங்கி அதை விலைக்கு வாங்கித் தன் கணக்கில் எழுதிக் கொள்ளலாம். கடன் இடம் மாறுவதில்லை. வாங்கிய பாங்கி உழவனின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. மார்ச் 31 ஆம் நாளோடு சான்றிதழ் காலாவதி; மறு ஆண்டு புதிதாய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்!

பக்கத்து வீட்டுக்காரன் இருந்த பட்டினியை விலைக்கு வாங்கி, விரதம் இருந்தேன் என்று சொல்லித் திரிபவனை ஊர் என்ன சொல்லும்? கொடுத்தவனுக்கு ஊக்கத் தொகை கிடைக்கிறதே என்று இதற்கு வக்காலத்து வாங்குவோர் உண்டு. ஊக்கம் கொடுங்கள், வேண்டாம் என்றோமா? தவறியவன் கடமையைச் செய்தவன் போல் கணக்குக் காட்ட இடம் கொடுப்பானேன்? மனச்சாட்சிக்குச் சந்தை விலை வைத்துவிட்ட பிறகு, அது இருக்கிறதா இல்லையா என்று ஆராய்வதே வீண் வேலை.

சின்ன மனிதனிடம் இவர்கள் நடந்துகொள்ளும் முறையைப் பாருங்கள். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம்! இல்லாததால்தானே இல்லை? இல்லாமைக்கு அபராதம் விதிக்கும் அறம் எந்த நூலில் இருக்கிறது? 2018 முதல் பொதுத்துறைப் பாங்கிகளும் ஐந்து பெரிய தனியார் பாங்கிகளும் இந்த இனத்தில் மட்டும் 21,000 கோடி ரூபாய் வசூலித்தன என்று 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அரசே தெரிவித்தது. ஏ.டி.எம்.மில் அளவுக்கு மேல் பணம் எடுத்ததற்கு 8,000 கோடிக்கு மேல். குறுஞ்செய்தி அனுப்பியதற்கு 6,000 கோடிக்கு மேல்! 2025 ஆகஸ்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. பாங்கி, நகரங்களில் புதிதாய்க் கணக்குத் தொடங்குவோர் 50,000 ரூபாய் இருப்பு வைக்க வேண்டும் என்றது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே ஐம்பதாயிரம் பதினைந்தாயிரம் ஆயிற்று. ரிசர்வ் பாங்கியின் ஆளுநரோ, அது அந்தந்தப் பாங்கியின் விருப்பம் என்று ஒதுங்கி நின்றார். முப்பத்தையாயிரத்தை இறக்கியது யார்? மனச்சாட்சியா, மக்கள் குரலா?

பெரிய மனிதனிடமோ, அடடா, என்ன இளகிய நெஞ்சம்! 2022-23 வரையான ஐந்து நிதியாண்டுகளில் ஏட்டிலிருந்து நீக்கப்பட்ட வாராக்கடன் 10.57 லட்சம் கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல், 5.52 லட்சம் கோடி, பெருந்தொழில்களுடையது. இதுவும் நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்கே. நீக்கினோமே தவிர விட்டுவிடவில்லை, வசூல் தொடர்கிறது என்பர். சிறியவனின் கடனும் ஏட்டிலிருந்து நீங்குவதுண்டு. அவன் வீட்டு நகை ஏலம் போன பிறகு! திவால் சட்டத்தின்கீழ்த் தீர்வு கண்ட நிறுவனங்களிடமிருந்து கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பியது, கேட்ட தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதியை இழப்பதற்குப் பாங்கிக்காரர் மொழியில் "ஹேர்கட்" என்று பெயர். முடி வெட்டிக்கொண்டது பாங்கி என்கிறார்கள். மொட்டை விழுந்தது சேமித்தவன் தலையில்.

ஏழை மாணவன் வாங்கிய கல்விக் கடனைத் தனியார் வசூல் நிறுவனத்துக்குப் பாதிக்கும் குறைந்த விலையில் விற்றதையும் நாம் கண்டோம். அந்த நிறுவனம் முழுத் தொகையையும் கேட்டு அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. அதே பாதி விலையை அந்த மாணவனிடமே சொல்லியிருக்கக் கூடாதா? கம்பெனிக்குக் காட்டும் தள்ளுபடியைப் பிள்ளைக்குக் காட்டினால் எந்த வானம் இடிந்து விழும்?

பாங்கி அறச்சாலையன்று, அது பிறர் பணத்தின் காவலன், இரக்கம் காட்டினால் வைத்தவன் பணம் போய்விடும் என்று ஒரு வாதம் வரும். வரட்டும். பிறர் பணம் என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி! அந்தப் பிறர் யார்? ஐம்பது கோடிக்கு மேற்பட்ட ஜன் தன் கணக்குகளில் இரண்டு லட்சம் கோடிக்கு மேல் சேர்த்து வைத்திருக்கும் கூலிக்காரரும் அவர்களில் அடக்கம். நாம் கேட்பது இரக்கமன்று. நம் பணத்துக்கான கணக்கு. கடனைத் திருப்பிக் கட்டும் ஒழுக்கத்தை ஏழைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1989 இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்களைப் பாருங்கள். வாரக் கூட்டத்தில் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துத் தவணை கட்டும் பெண் இரவோடிரவாக விமானம் ஏறி இலண்டன் போனதுண்டா?

ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் அநீதி. நெஞ்சுள்ள மனிதர்கள் பாங்கிக்குள் இருக்கிறார்கள். கைம்பெண்ணுக்கு மாட்டுக் கடன் கொடுத்துவிட்டு, மேலிடத்துக்கு விளக்கம் எழுதும் மேலாளரை நம் ஊர்களில் காணலாம். நாட்டுடைமைக் கோரிக்கையை எழுப்பியவர்களில் பாங்கி ஊழியர் சங்கங்களுக்குப் பெரும் பங்குண்டு. நெஞ்சு அந்த மனிதர்களுடையது, பாங்கியினுடையது அன்று. அந்த மேலாளரை மாற்றலில் அனுப்பி, இலக்கைக் காட்டி அடுத்தவரை உட்கார்த்திவிட்டால் கதை முடிந்தது.

நாட்டுடைமைப் பாங்கி என்பதாலேயே அது நம்முடையதாகிவிட்டது என்று உறங்குவதும் ஆபத்து. 2017 இல் 27 ஆக இருந்த பொதுத்துறைப் பாங்கிகள் 2020 ஏப்ரலில் 12 ஆயின. 2021 நிதிநிலை அறிக்கையில், இரண்டைத் தனியாருக்கு விற்கப் போவதாகவும் அறிவித்தார்கள். அபராத வசூலில் பொதுத்துறைக்கும் பங்குண்டு. கல்விக் கடனை விற்றதும் பொதுத்துறைதான். பலகை அரசினுடையது, நடை தனியாருடையது என்ற நிலை ஒரு நாளில் வந்ததன்று; கேட்பாரற்றுப் போனதால் வந்தது.

கேட்க வழி இருக்கிறது. 1969 டிசம்பர் முதல், மாவட்டந்தோறும் ஒரு முன்னோடிப் பாங்கி உண்டு. உங்கள் மாவட்டத்தில் வேளாண்மைக்கு எவ்வளவு, சிறு தொழிலுக்கு எவ்வளவு, நலிந்த பிரிவினருக்கு எவ்வளவு கடன் தர வேண்டும் என்று ஆண்டுத் திட்டம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆட்சியர் தலைமையில் அதைப் பரிசீலிக்கிறார்கள். எத்தனை தோழர்கள் அந்தத் திட்டத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேளுங்கள். இலக்கு எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, கொடுக்காத பாங்கி எது, அது சான்றிதழ் வாங்கித் தப்பியதா என்று கிளைவாரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேளாண் கடன் என்ற பெயரில் நகைக் கடன் எவ்வளவு, நிலம் உழுகிற குத்தகைக்காரனுக்குச் சென்றது எவ்வளவு என்றும் பிரித்துக் கேளுங்கள். அந்தத் தாளை ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டுங்கள். அடுத்த மூன்று மாதக் கூட்டம் நடக்கும் நாளை அறிந்து, ஆட்சியர் அலுவலக வாயிலுக்கு உழவர்களோடும் குழுப் பெண்களோடும் செல்லுங்கள். மனு வேண்டாம், அந்தக் கணக்குத் தாள் போதும்.