குடும்பச் சிந்தனை: இரவல் விழிப்பு

தேர்வு நெருங்குங்கால் மாணாக்கர் கண்விழித்துப் படிப்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கமே. தேநீரும் காப்பியும் அவர்களுக்குத் துணைநிற்பதும் புதிதன்று. ஆனால் அமெரிக்க நாட்டுக் கல்லூரி விடுதிகளில் அத்துணையின் இடத்தை மாத்திரை பிடித்துக்கொண்டு பல்லாண்டுகள் ஆகின்றன. நம் பிள்ளைகள் பலரும் உயர்கல்வி நாடி அங்குச் செல்லும் இந்நாளில், பெற்றோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

இவ்வழக்கம் நாம் எண்ணுவதினும் பழையது. ஆம்ஃபெட்டமீன் என்னும் வேதிப்பொருளை 1887ஆம் ஆண்டில் ருமேனிய அறிஞர் லாசர் எடெலியானு பெர்லின் நகரில் முதன்முதல் ஆக்கினார். அரை நூற்றாண்டு கழித்து அது 'பென்செட்ரின்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1937ஆம் ஆண்டளவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உளவியலார் அதனை மாணாக்கரிடம் சோதித்தனர். உறக்கத்தை விரட்டும் மாத்திரை ஒன்று உண்டென்ற செய்தி பரவவே, தேர்வுக்குப் படிப்போர் தாமாகவே அதனை வாங்கி விழுங்கத் தலைப்பட்டனர். 1944இல் சுவிட்சர்லாந்தில் லியாண்ட்ரோ பனிசோன் என்பவர் மெத்தில்பெனிடேட் என்னும் மருந்தை ஆக்கினார். அவர்தம் மனைவி ரீட்டாவின் பெயரைத் தழுவி அது 'ரிட்டாலின்' எனப்பட்டது. 1996இல் ஆம்ஃபெட்டமீன் உப்புகளாலாகிய 'ஆடெரல்' வந்தது.

கவனம் ஓரிடத்தில் நில்லாத கோளாறு உடையோருக்கு, மருத்துவர் அளவறிந்து தரும்போது, இவை உண்மையிலேயே உதவும் மருந்துகள். அவர்களை எவரும் குறைகூறலாகாது. நாம் கவலைகொள்வது, அக்கோளாறு இல்லாதார் நண்பனின் புட்டியிலிருந்து இரவல் வாங்கி உண்பதைப் பற்றியே.

அவ்வாறு உண்டால் அறிவு கூர்மையுறுமா? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் நலமுள்ள 40 பேரிடம் இதனைச் சோதித்து, 2023இல் முடிவை வெளியிட்டனர். குறித்த எடைக்குள் மிகுந்த மதிப்புள்ள பொருள்களைத் தேர்ந்து ஒரு பையை நிரப்புவது போன்ற கணக்குகளை அவர்களுக்குக் கொடுத்தனர். மருந்து உண்டபோது அவர்கள் கூடுதல் நேரம் உழைத்தனர்; பொருள்களை மேலும் பலமுறை மாற்றி மாற்றி வைத்தனர்; ஆனால் விடையின் தரமோ தாழ்ந்தது. மருந்தின்றிச் சராசரிக்கு மேல் நின்றவர் சிலர், மெத்தில்பெனிடேட் உண்டபின் சராசரிக்குக் கீழே இறங்கினர். உழைப்பு மிகுந்தது, விவேகம் குறைந்தது.

ஆயினும் மாணாக்கர் ஏன் இதனை நம்புகின்றனர்? இம்மருந்துகள் மூளையில் டோபமின் முதலியவற்றின் அளவை உயர்த்துகின்றன. சலிப்பூட்டும் பாடமும் அப்போது சுவைக்கின்றது. ஊக்கம் மிகுந்ததை அறிவு மிகுந்ததாக இளைஞன் மயங்குகிறான். பகலில் கற்றவை உறக்கத்தில்தான் நினைவில் ஊன்றுகின்றன. உறக்கத்தை விலக்குபவன், விதைத்ததைத் தானே கிளறி எறிபவன் ஆகிறான் அன்றோ?

இழப்பு இத்துடன் நிற்பதில்லை. நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும், பசி மங்கும், மனம் கலங்கும். நாளடைவில் மாத்திரையின்றிப் புத்தகத்தைத் திறக்கவும் இயலாத அடிமைநிலை நேரலாம். வெளியே விற்கப்படும் போலி மாத்திரைகளில் ஃபென்டனில் என்னும் கொடிய மருந்து கலந்திருப்பதும் உண்டு. 2022 மே மாதத்தில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் போலி ஆடெரல் பற்றித் தன் மாணாக்கருக்கு எச்சரிக்கை விடுத்தது. அந்நாள்களில் அங்கு மாணாக்கர் இருவர் மாண்டனர்.

மருத்துவர் சீட்டின்றி இத்தகைய மருந்துண்டு படிப்பதை, டியூக் பல்கலைக்கழகம் 2011இல் தேர்வு மோசடியாகவே விதித்தது. விதி வேண்டியதே. ஆனால் 'எனக்கு இயல்பாய் அமைந்த அறிவு போதாது' என்னும் அச்சத்தை எந்த விதியும் போக்காது. அவ்வச்சம் பலருக்கு வீட்டிலேயே முளைக்கின்றது.

ஆகவே பெற்றோரே, தொலைவிலுள்ள மகனோடும் மகளோடும் பேசும்போது, "எத்தனை மதிப்பெண்?" என்று வினவுமுன், "நேற்றிரவு நன்றாக உறங்கினாயா? வேளைக்கு உண்டாயா?" என்று வினவுங்கள். ஒரு பாடத்தில் தோற்றாலும் வீட்டின் கதவு திறந்தே இருக்கும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவ்வுறுதி பெற்ற பிள்ளை இரவல் விழிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை.