கல்யாணத்துக்கு உங்கள் நாயும் வரட்டும்... ஆனால்!

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை கம்பெனிகள் வந்த பிறகு, வெளியூர்ப் பிள்ளைகள் ஏகப்பட்ட பேர் இந்தப் பக்கம் வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள். நைட் ஷிப்ட் முடிந்து அலுத்துப்போய் வந்தால், வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடிவர ஒரு நாய்தான் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால், "எங்க டாமியும் மேடைக்கு வரணும்" என்கிறான். "மணவறையில நாயா?" என்று கொதிக்கிறார்கள் பெரியவர்கள்.

ஆசையைப் பொறுத்தவரை நான் பிள்ளைகள் பக்கம்தான். நாய் அபசகுனம் என்பவர்கள் பைரவர் சந்நிதிக்குப் போய், அவர் பின்னால் நிற்பது யார் என்று பார்த்துவிட்டு வரட்டும்! நாயை விட்டுவிட்டு சொர்க்கத்துக்கே வர மாட்டேன் என்றவர் தர்மபுத்திரர். 2007-ல் மானாமதுரையில் ஒருவர் பெண் நாய்க்கே மாலையிட்டுக் கல்யாணம் செய்துகொண்டார். எப்போதோ நாய்களை அடித்துக் கொன்ற பாவம்தான் தன்னை முடக்கிப் போட்டது என்று நம்பிச் செய்த பரிகாரம் அது. (கை கால் விழுந்தால் முதலில் வைத்தியரைப் பாருங்கள், சாமி!) நம் பிள்ளைகள் கேட்பது அதெல்லாம் இல்லை. சொந்தபந்தத்தோடு அதுவும் ஒன்றாக நிற்கட்டும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

என் பயம் வேறு. நம் காதுக்கு எட்டுவது 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கோ சுமார் 45,000 வரை கேட்கும். அந்தக் காதுக்குப் பக்கத்தில் கெட்டிமேளம் கொட்டினால் எப்படி இருக்கும்? போதாததற்கு ஸ்பீக்கர், வாசலில் சரவெடி, ஓமப் புகை, முன்பின் தெரியாத ஐந்நூறு முகங்கள். நாய் கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தால் தூக்கம் என்று நினைக்காதீர்கள். உதட்டை நக்குகிறதா, வால் காலுக்குள் போய்விட்டதா? அது பயம். அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால், சாதுவான நாயும் கடித்துவிடும்.

அதனால் முகூர்த்த நேரத்தில் வேண்டாம். முந்தின நாள் வீட்டில் நலங்கு வைக்கும்போது பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆசை தீர போட்டோ எடுங்கள். மண்டபத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்றால், கூட்டம் சேருவதற்கு முன் வந்துவிட்டுப் போகட்டும். கயிறு அதற்குப் பழகியவர் கையில் இருக்கட்டும், மாப்பிள்ளை கையில் வேண்டாம்.

பந்திப் பக்கம் விடவே விடாதீர்கள். பாயசத்திலும் லட்டிலும் கிடக்கும் உலர் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை அழிக்கும். சாக்லேட்டும் ஆகாது. வெந்த பிரியாணி எலும்பு உடைந்தால் குடலைக் குத்தும்.

வெறிநோய்த் தடுப்பூசியை ஒரு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். அதையும் மீறி யாரையாவது கடித்துவிட்டால்? சித்த வைத்தியனான நானே சொல்கிறேன், என்னிடம் வராதீர்கள்! சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள், பச்சிலை எதையும் அப்பாதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அப்புறம் நேராக அரசு ஆஸ்பத்திரி. "நம்ம வீட்டு நாய்தானே, பல்லு லேசாத்தான் பட்டுச்சு" என்று இருந்துவிடாதீர்கள். வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. எந்த வைத்தியமும் கைகொடுக்காது, என் வைத்தியத்தையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள், காசும் வாங்குவதில்லை. காயம் ஆழமாக இருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் முறையில், கடிபட்ட அன்றே ஒன்று, பிறகு 3, 7, 28-வது நாட்கள். கடிபட்டது புதுமாப்பிள்ளையோ பெண்ணோ என்றால், மறுவீடு, விருந்து என்று ஊர் ஊராகச் சுற்றும்போது அந்தச் சீட்டையும் பெட்டியில் எடுத்து வையுங்கள். எந்த ஊர் அரசு ஆஸ்பத்திரியிலும் காட்டி அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம்.