கள்ளியா, கேக்டஸா? பூவைப் பார்த்துச் சொல்லுங்கள்

மானாவாரிக் காட்டின் வேலியோரம் ஆள் உயரத்தைத் தாண்டி ஒரு முள்மரம் நிற்கிறது. கண்ணுக்கு இலை தெரியவில்லை. சதைப்பற்றான பச்சைக் கிளைகள், அவற்றில் மூன்று நான்கு விளிம்புகள், விளிம்பு நெடுக முட்கள். படம் எடுத்துக் கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில் ‘கேக்டஸ்’. பெரும்பாலும் அது சதுரக்கள்ளியாக இருக்கும். ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. கேக்டஸ் குடும்பமோ அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. மரத்தில் தொற்றி வளரும் ஒரேயொரு இனம்தான் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும்கூட இயற்கையாகக் காணப்படுகிறது. மழை பொய்க்கும் நிலத்தில் நீரைத் தண்டிலேயே சேமிக்க வேண்டிய கட்டாயம், உறவே இல்லாத இரு குடும்பங்களையும் ஒரே உருவத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அதனால் தண்டை வைத்துப் பெயர் சொல்வதைவிட, பூக்கும்வரை பொறுத்திருப்பது மேல்.

பூவில் இரண்டுக்கும் ஒற்றுமையே இல்லை. கேக்டஸ் பூ பெரியது. இதழ்கள் பல அடுக்கு, நடுவில் எண்ண முடியாத மகரந்தத்தாள்கள். சூலகம் பூவுக்குக் கீழே தண்டின் சதைக்குள் புதைந்திருக்கும். பெயரில் கள்ளி இருந்தாலும் கேக்டஸான சப்பாத்திக்கள்ளியின் பழத்தோலில் நுண்முட்கள் இருப்பது இதனால்தான். அந்தத் தோல் உண்மையில் தண்டு. சதுரக்கள்ளியின் பூவோ விளிம்பில் மஞ்சள் பொட்டுகளாக ஒட்டியிருக்கும். பலர் அதைப் பூவென்றே கவனிப்பதில்லை. கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒரு சிறு கிண்ணம், அதன் விளிம்பில் ஐந்து தேன்சுரப்பிகள், உள்ளே மகரந்தத்தாள்கள், பல கிண்ணங்களில் நடுவே காம்போடு வெளியே நீளும் மூன்று பிரிவுச் சூலகம். ஒரு பூவாகத் தெரிவது ஒரு பூங்கொத்து. ஒவ்வொரு மகரந்தத்தாளும் தனி ஆண் பூ; நடுவில் இருப்பது ஒற்றைப் பெண் பூ. 1753இல் இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸே இதை ஒரே பூவாகக் கணக்கிட்டார். ஒவ்வொரு மகரந்தத்தாளின் காம்பிலும் ஒரு கணு இருப்பதைக் காட்டி, அவை தனித்தனிப் பூக்கள் என்று விளக்கியவர் ராபர்ட் பிரௌன்.

கீறிப் பார்த்தால் போதாதா, பால் வடிந்தால் கள்ளிதானே என்று கேட்கலாம். எருக்கிலும் பால் உண்டு. கேக்டஸ் இனங்கள் சிலவற்றிலும் உண்டு. தவிர, கள்ளிப்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். அடையாளம் காண்பதற்காக அந்த ஆபத்தை வரவழைப்பானேன்? முள்ளைப் பார்க்கலாம் என்பது இதைவிட நல்ல யோசனை. கள்ளியில் முட்கள் பெரும்பாலும் இரட்டையாக வரும். கேக்டஸில் ஒரு சிறு திட்டிலிருந்து கொத்தாகக் கிளம்பும். ஆனால் திருகுகள்ளியில் முள்ளே கிடையாது. பூவும் ஏமாற்றும் என்பதுதான் வலுவான மறுப்பு. வேலியில் வளர்க்கப்படும் ஓர் அமெரிக்கக் கள்ளியின் பூங்கொத்து சிவந்த செருப்பு வடிவில் இருப்பதால் அதைத் தனிப் பேரினமாகவே வைத்திருந்தார்கள். பிறகு மரபணு ஆய்வு அதைக் கள்ளிகளோடு சேர்த்துவிட்டது. ஆனாலும் அந்தச் செருப்புக்குள் இருந்தது அதே ஒற்றைத்தாள் ஆண் பூக்களும் மூன்று பிரிவுச் சூலகமும்தான். குடும்பத்தில் பிழை வரவில்லை. குடும்பத்துக்குள் இனம் பிரிக்க, பூவோடு காயையும் தண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பெயர் எதுவானால் என்ன என்பவர்களுக்குச் சப்பாத்திக்கள்ளியின் கதை பதில் சொல்லும். சாயத் தொழிலுக்காக, சப்பாத்திக்கள்ளியில் வாழும் சாயப்பூச்சியை எதிர்பார்த்தார்கள்; 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்ததோ அந்தப் பூச்சி அல்ல, அதன் தரம் குறைந்த உறவினம். அது ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை அழித்தது. தென்னிந்தியாவில் பரவியிருந்த இன்னொரு வகையைத் தொடவில்லை. அதை அடக்க 1926இல் இலங்கை வழியாக வேறொரு பூச்சியைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இன்று நர்சரிகளில் முக்கோணத் தண்டுக் கள்ளிகளைத் தொட்டியில் வைத்து ‘கேக்டஸ்’ என்று விற்கிறார்கள். வாங்குபவர் முள்ளுக்குப் பயந்து எட்ட வைப்பாரே தவிர, கிளையை நறுக்கும்போது கண்ணைக் காக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. தொட்டியில் சரியான பெயரும் ‘பால் நச்சு’ என்ற எச்சரிக்கையும் எழுதி ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. அதை நர்சரிகளுக்குக் கட்டாயமாக்கலாம்.